ஆறு பத்துப் பேருந்து

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். அச்சகத்தில் பிழை திருத்துபவளாகப் பத்தொன்பது ஆண்டுகள். எந்தக் கடிதத்தையும் முதலில் வரைவேட்டில் எழுதி, அடித்துத் திருத்திய பின்னரே நல்ல தாளில் படியெடுப்பேன். பிழையோடு ஒரு வரியும் என் வீட்டு வாசலைத் தாண்டலாகாது என்று எனக்கு நானே இட்டுக்கொண்ட விதி அது.

கடைசி ஒன்றைத் தவிர என் கடிதங்கள் இங்கே வரைவேட்டில் உள்ளவாறே உள்ளன. நான் அடித்துவிட்டுத் தம்பிக்கு அனுப்பாத வரிகள் சதுர அடைப்புக்குள் இருக்கின்றன. அவன் கடிதங்களில் ஓரெழுத்தையும் நான் திருத்தவில்லை. திருத்தக் கை துறுதுறுத்தது உண்மை.

எங்கள் தந்தை பேருந்து நிலையத்தில் முப்பத்தோராண்டுகள் நேரக் காப்பாளராக இருந்தவர். உரிய நிமிடத்தில் ஊதல் ஊதி வண்டியை அனுப்புவது அவர் வேலை. தம்பி அவரை 'டைம்கீப்பர்' என்பான். அவர் அவனை 'ஆறு பத்து' என்பார். அவர் வாங்கித்தந்த எழுத்தர் வேலையை உதறிவிட்டு அவன் ஏறிச் சென்ற வண்டியின் நேரம் அது. அன்றிலிருந்து ஆறு ஆண்டுகளாக இருவருக்கும் பேச்சில்லை.

*

பிப்ரவரி 2

அக்காவுக்கு,

நான் நல்லா இருக்கேன். உன் முதுகு வலி எப்படி இருக்கு? அச்சகத்துல இன்னும் அந்தச் சாய்மானம் இல்லாத ஸ்டூல்லதான் உக்கார வெக்கிறாங்களா?

போன் பண்ணினா "எழுதி அனுப்பு"ன்னு வெச்சிடுற. சரி, எழுதறேன். இதோட ஒரு பெட்டி வரும். உள்ள ஒரு கேம் மெஷின், கையில பிடிக்கிற ஒரு கன்ட்ரோலர். டிவியில எந்த ஒயரை எங்க சொருகணும்னு படம் போட்டு வெச்சிருக்கேன்.

எங்க புது வீடியோ கேம் அது. ஊருக்கு நடுவுல இருக்கற காலப் பொறி வெடிச்சு, எல்லாருடைய நாளும் தாறுமாறா ஓடுது. நம்ம ஆள் ஒரு மெக்கானிக். அவன் மணிக்கட்டுல ஒரு பட்டை. அதை அழுத்தினா ஒரு நிமிஷம் பின்னாடி போகலாம். எத்தனை தடவை வேணும்னாலும். மத்த யாருக்கும் அது ஞாபகம் இருக்காது, அவனுக்கு மட்டும் எல்லாம் ஞாபகம் இருக்கும். எங்க கோளாறுன்னு கண்டுபிடிக்க அவன் தன்னோட பழைய நினைவுக்குள்ளேயே நடந்து போகணும். கதையை நான்தான் எழுதறேன்.

தமிழைப் பார்க்க எங்க அக்காவை விட்டா ஆள் இல்லன்னு ஆபீஸ்ல சொன்னேன். ஒத்துக்கிட்டாங்க. விளையாடிப் பார்த்துத் திருத்தம் எழுது. டைம்கீப்பர் கண்ணுல மட்டும் பட வேண்டாம். "பொம்மை ஆட்டுற வேலை"ன்னு மறுபடி ஆரம்பிச்சிடுவார்.

தம்பி

*

பிப்ரவரி 16

அன்பு நிறைந்த தம்பிக்கு, அக்கா எழுதுவது. இவ்விடம் யாவரும் சுகமே. உன் சுகத்தை விரிவாக எழுதவும்.

பெட்டி பழுதின்றி வந்து சேர்ந்தது. உன் படம் தெளிவு. அதிலிருந்த எழுத்துப்பிழைகள் நான்கு. முதலிரண்டு அத்தியாயங்களைப் பார்த்தேன். 'பின்னாடி போ' என்னும் விசைச்சொல் ஒரு நகரத்தின் தலைவிதியைத் தாங்கும் கதைக்குப் பொருந்தாது. 'பின்னேகுக' எனப் பரிந்துரைக்கிறேன்.

ஒரு கையால் கருவியைப் பிடித்து மறுகையால் குறிப்பெழுதுவது கடினமாக உள்ளது. [ஆகவே கருவியை அப்பாவின் கையில் கொடுத்தேன். "இதை அழுத்துங்கள் என்றால் அழுத்துங்கள்" என்றேன். "ஆறு பத்து பண்ணினதா?" என்றார். ஆமென்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். கருவியைத் திருப்பிக் கொடுக்கவில்லை. இரண்டாம் அத்தியாயத்தில் அந்த மெக்கானிக் கடிகாரத்தைத் திருகும்போது, "தப்பாத் திருகுறான், இடப்பக்கம்டா" என்று திரையைப் பார்த்து அதட்டினார்.] ஆயினும் சமாளிக்கிறேன்.

முதுகு வலி முன்போலவே. ஸ்டூலும் முன்போலவே.

அக்கா

*

மார்ச் 5

அக்கா,

'பின்னேகுக'வை மீட்டிங்ல வாசிச்சேன். அஞ்சு நிமிஷம் யாரும் வேலை பார்க்கல, சிரிப்பு. 'பின்னால் செல்'னு முடிவாச்சு. உனக்கும் வேண்டாம், எனக்கும் வேண்டாம். கோவிச்சுக்காத.

மூணாவது அத்தியாயம் இந்த வாரம் உன் மெஷினுக்குத் தானா வந்து சேரும். அதுல ஒரு பஸ் ஸ்டாண்ட் வரும். எந்தக் காலைன்னு உனக்கே தெரியும்.

அன்னிக்கு நீ என் ஸ்வெட்டரை எடுத்துக்கிட்டு ஓடி வந்துட்டு இருந்த. "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம்"னு கத்தின. நான் படியில நின்னு பார்த்தேன். அவரும் பார்த்தார். வாட்சைப் பார்த்தார். ஊதிட்டார். ஒரே ஒரு நிமிஷம் அக்கா. யாருடைய பஸ் அது, ஜனாதிபதியோடதா? அதுக்கப்புறம் நான் அவர் பக்கம் திரும்பல.

கேம்ல மட்டும் திரும்பலாம். ஊதல் ஊதறதுக்குள்ள ஒரு பட்டனை அழுத்தினா அவன் திரும்பி, அவங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவான். பட்டன் மேல என்ன எழுதலாம்? நல்ல சொல்லா சொல்லு, சிரிக்காத சொல்லா. நடிகர் வந்து பேசற வரைக்கும் அவன் குரலுக்கு என் குரலையே பதிஞ்சு வெச்சிருக்கேன். கழுதை மாதிரி இருக்கும், பொறுத்துக்கோ.

தம்பி

*

மார்ச் 20

அன்புத் தம்பிக்கு, அக்கா. இவ்விடம் யாவரும் சுகமே. நீ சளியோடிருப்பதாகக் குரலிலிருந்து அறிகிறேன். வெந்நீர் அருந்தவும்.

விசைச்சொல்: 'திரும்பிப் பார்'. இதைக் காட்டிலும் எளிய சொல் தமிழிலில்லை. எனக்கும் எளிமை தெரியும் என்று உன் அலுவலகத்தாருக்குச் சொல்லவும்.

மூன்றாம் அத்தியாயத்தை முழுமையாகப் பார்த்தேன். பேருந்து நிலையம் நன்றாக வந்துள்ளது. தூணில் உரிந்த சுண்ணாம்பைக்கூட விடவில்லை நீ.

[அப்பாதான் விசையை அழுத்தினார். அந்தப் பிள்ளை படியில் நின்று திரும்பி, "போயிட்டு வரேன்பா" என்றான். உன் குரல். ஆறு ஆண்டுகளாக நீ தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் மாடிப்படிக்குப் போய்விடும் மனிதர் நாற்காலியில் நிமிர்ந்தார். ஆட்டத்தில் ஒரு நிமிடம் பின்னால் சென்றார். மீண்டும் 'திரும்பிப் பார்'. மீண்டும் "போயிட்டு வரேன்பா". நான் அடுப்பை அணைத்துவிட்டு வருவதற்குள் ஒன்பது முறை. என்னைக் கண்டதும், "பட்டன் சரியா வேலை செய்யுதான்னு பாத்தேன்" என்றார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். "நான் இதை விளையாடுறேன்னு அவனுக்கு எழுதாதே. ஜெயிச்சுட்டோம்னு நினைப்பான். எழுத மாட்டேன்னு சொல்லு." சொன்னேன். சொன்ன சொல்லை மீறிப் பழக்கமில்லை எனக்கு.]

உன் குரல் கழுதைபோல் இல்லை.

அக்கா

*

ஏப்ரல் 28

அக்கா,

எப்படி இருக்க? இங்க வேலை தலைக்கு மேல. பதில் தாமதமானதுக்குத் திட்டாத.

ஒரு விஷயம். டெஸ்ட் மெஷின் எல்லாம் வாரா வாரம் ஒரு பதிவு அனுப்பும். எந்த இடத்துல எத்தனை தடவை பின்னால போனாங்க, எந்தப் பட்டனை அழுத்தினாங்கன்னு எல்லாம் அதுல இருக்கும். உன் மெஷின்ல பஸ் ஸ்டாண்ட் சீன்ல மட்டும் ஒரே நாள்ல 41 தடவை! நாலாவது அத்தியாயத்துக்கு இன்னும் போகவே இல்ல. ஒருத்தர் ஒரே இடத்துல இப்படிச் சுத்தினா எங்க பாஷையில அவர் மாட்டிக்கிட்டார்னு அர்த்தம். பட்டன் வேலை செய்யலையா? வழி தெரியலையா? வெட்கப்படாம சொல்லு.

தம்பி

*

மே 6

அன்புத் தம்பிக்கு, அக்கா. யாவரும் சுகமே.

[யாவரும் சுகமில்லை. படியேறி வரும்போது அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. இதயம் தளர்ந்திருப்பதாக மருத்துவர் சொன்னார். கோபமும் ஓட்டமும் கூடாதாம். "எனக்கு ஏது ஓட்டம்? மத்தவங்களை ஓட விட்டுத்தானே பழக்கம்" என்று அப்பா மருத்துவரையே சிரிக்க வைத்துவிட்டு வந்தார். "இதையும் அவனுக்கு எழுதாதே, வேலை கெடும்" என்றார்.]

நீ சுட்டிய இடத்தில் யாதொரு பழுதும் இல்லை. விசை செவ்வனே இயங்குகிறது. அக்காட்சி மீண்டும் மீண்டும் காணத்தக்கதாய் அமைந்திருப்பதே காரணம். அதை உள்ளது உள்ளவாறே விட்டுவைக்குமாறு அழுத்தமாகக் கேட்டுக்கொள்கிறேன்.

[நாள்தோறும் மாலை நான்கு மணிக்கு மேல்சட்டை அணிந்துகொண்டு உட்காருகிறார். வீட்டில் பனியனோடு இருக்கும் மனிதர், உன்னைப் பார்க்க மேல்சட்டை போட்டுக்கொள்கிறார்.]

உணவை நேரத்துக்கு உண்ணவும்.

அக்கா

*

ஜூன் 30

அக்கா,

கோபமா? ரெண்டு மாசமா நானும் எழுதல, நீயும் எழுதல. செப்டம்பர்ல கேம் வெளிய வருது. தூக்கம் எல்லாம் மேஜை மேலதான்.

பஸ் ஸ்டாண்ட் சீனை மாத்திட்டோம். உன் மெஷின்ல மொத்தம் 212 தடவை. நீ பெருந்தன்மையா "பழுது இல்லை"ன்னு எழுதின. என்னைக் காப்பாத்தப் பொய் சொல்றன்னு எனக்குத் தெரியாதா? "உங்க அக்காவே 212 தடவை மாட்டினா மத்தவங்க கதி என்ன?"ன்னு மேலாளர் கேட்டார். அதனால 'திரும்பிப் பார்' பட்டனை எடுத்தாச்சு. அவன் நேரா ஏறிப் போயிடுவான். என் குரலும் போயிடுச்சு. நிஜத்துல நடந்ததும் அதுதானே. அதுவே இருக்கட்டும்.

இனிமே நீ சிக்கல் இல்லாம நாலாவது அத்தியாயத்துக்குப் போகலாம்.

தம்பி

*

ஜூலை 9

தம்பிக்கு, அக்கா. யாவரும் சுகமே.

மூன்றாம் அத்தியாயத்தில் செய்யப்பட்ட மாற்றம் பயனாளர் ஒருவருக்குப் பெருத்த மனவருத்தம் அளித்திருப்பதை இதன்மூலம் தெரிவித்துக்கொள்கிறேன். பழைய வடிவத்தை மீட்டுத்தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

[நேற்று நான்கு மணிக்கு உட்கார்ந்தார். பேருந்து நிலையம் வந்தது. விசை வரவில்லை. ஊதல் ஒலித்தது. அந்தப் பிள்ளை ஏறிக்கொண்டான். வண்டி போய்விட்டது. அப்பா பின்னால் சென்றார். மறுபடியும் போய்விட்டது. "என்னம்மா, திரும்ப மாட்டேங்குறான்?" என்றார். நான் கருவியை வாங்கி எல்லா விசைகளையும் அழுத்திப் பார்த்தேன். "விடு," என்றார். "நான் ஊதினதும் கரெக்ட், அவன் போனதும் கரெக்ட்." மேல்சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

நீதான் மாற்றினாய் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. யாருக்காக மாற்றினாய் என்று உன்னிடமும் சொல்லவில்லை. இருவருக்கும் நடுவில் நான் நல்ல தமிழில் பொய் எழுதிக்கொண்டிருக்கிறேன்.]

விரைவான நடவடிக்கையை எதிர்நோக்கும்,

அக்கா

*

ஜூலை 20

அக்கா,

உன் புகார் மனுவை ஆபீஸ்ல நோட்டீஸ் போர்டுல ஒட்டிட்டாங்க! "பயனாளர் ஒருவர்"! ஏன், "அடியேன்"னு போட்டிருக்கலாமே. உனக்கு எதுக்கு இவ்ளோ வருத்தம்? விளையாட்டுதானே.

கேம் வெளிய வந்ததும் ஒரு வாரம் லீவு. வீட்டுக்கு வரலாம்னு இருக்கேன். டைம்கீப்பர் எப்பெப்ப வெளிய போவார்னு எழுது. அந்த நேரமாப் பார்த்து வரேன், உன்னை மட்டும் பார்த்துட்டுப் போறேன்.

முதுகைப் பார்த்துக்கோ.

தம்பி

*

ஆகஸ்ட் 2

தம்பிக்கு, அக்கா எழுதுவது.

யாவரும் சுகமில்லை. இந்தச் சொல்லை மூன்று மாதமாக எழுதி எழுதி அடித்தேன். இன்று அடிக்கவில்லை.

அந்த 212 முறையும் விளையாடியவர் அப்பா. மாட்டிக்கொண்டு அல்ல. உன் குரலைக் கேட்பதற்காக. எழுத மாட்டேன் என்று அவருக்குச் சொல் கொடுத்திருந்தேன். அதை இப்போது மீறுகிறேன்.

அவர் இதயம் தளர்ந்துவிட்டது. இப்போது அவர் விளையாடுவதும் இல்லை. அசையாத படத்தை எதிரில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக உட்கார்ந்திருக்கிறார். என்னப்பா என்றால், "வண்டி நிக்குதும்மா" என்கிறார். நினைவு தடுமாறுகிறதோ என்று அஞ்சுகிறேன்.

செப்டம்பர் வரை காத்திராதே. அவர் வெளியே போகும் நேரம் பார்த்து வராதே. அவர் வீட்டிலிருக்கும் நேரத்தில் வா.

அக்கா

*

[இக்கடிதம் அஞ்சலில் சேரவில்லை. ஆகஸ்ட் 2 அன்று படியெடுத்தபோது 'தடுமாறுகிறதோ' என்னுமிடத்தில் மை பரவிற்று. புதிய தாளில் எழுதினேன். 'அஞ்சுகிறேன்' மிகையெனத் தோன்றிற்று, மாற்றினேன், மாற்றியது பிடிக்கவில்லை, மீண்டும் எழுதினேன். இரண்டு நாள்களின் அஞ்சல் வண்டி போய்விட்டது. தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். குரல் உடைந்துவிடும், எழுத்து உடையாது என்று எண்ணினேன். நான்காம் தேதி உறையை ஒட்டி, காலையில் பெட்டியில் போடுவதற்காக மேஜைமேல் வைத்தேன். ஐந்தாம் தேதி காலை அப்பா எழுந்திருக்கவில்லை. அப்போது தொலைபேசியை எடுத்தேன். "உடனே வா" என்ற இரண்டு சொற்களுக்கு வரைவு தேவைப்படவில்லை.]

*

செப்டம்பர் 3

அக்கா,

எப்படி இருக்கன்னு கேட்கத் தெரியல. மூணு நாள் வீட்டுல இருந்தேன், ஒரு வார்த்தை பேசல. நீயும் பேசல. கிளம்பும்போது பையில நோட்டை வெச்சு, "போய்ப் படி" மட்டும் சொன்ன. படிச்சேன். அடிச்ச வரிகளை மட்டும் திரும்பத் திரும்பப் படிச்சேன். எத்தனை தடவைன்னு எண்ணல.

உன்மேல கோபம் வந்தது. அப்புறம் போச்சு. பதிவு என் கையிலதான் இருந்தது. 212 தடவையும் அழுத்தினது ஒரே பட்டன். மாட்டிக்கிட்டவன் எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்ப்பான் அக்கா. ஒரே பட்டனை அழுத்தறவன் மாட்டிக்கலை. இது என் தொழில். எனக்குத் தெரிஞ்சிருக்கணும்.

பட்டனை எடுத்ததுக்கு அப்புறம் வந்த பதிவையும் நேத்து திறந்தேன். நீ நினைவு தடுமாறுதுன்னு எழுதியிருக்க. தடுமாறல.

ஜூலை 11லேர்ந்து தினமும் மாலை நாலு மணி. பஸ் ஸ்டாண்ட் சீன். ஒரு தடவைகூடப் பின்னால போகல. கேம்ல மணி ஆறு ஒன்பது, ஐம்பத்தொன்பது செகண்டுல, ஆட்டத்தை அப்படியே நிக்க வைக்கிற 'நிறுத்தம்' பட்டன். ஊதல் ஊதறதுக்கு ஒரு செகண்ட் முன்னாடி. அந்தப் பட்டனை யாரும் அவருக்குச் சொல்லித் தரல இல்ல? அவரா கண்டுபிடிச்சிருக்கார். முதல் நாள் 20 நிமிஷம். மறுநாள் ஒரு மணி நேரம். அப்புறம் ரெண்டு, மூணு. ஒரு செகண்டுகூட முன்னப்பின்ன இல்ல, எல்லா நாளும் ஐம்பத்தொன்பதுலதான். முப்பத்தோரு வருஷம் யாருக்காகவும் ஒரு பஸ்ஸை நிறுத்தாத மனுஷன்.

கடைசியா ஆகஸ்ட் 4. நிறுத்தம்னு இருக்கு. நிறுத்தத்தை எடுத்த நேரம்னு ஒரு கட்டம் உண்டு, அது காலியா இருக்கு. மெஷின் இன்னும் ஓடிட்டு இருக்குன்னு பதிவு காட்டுது. நீ அணைக்கலையா?

அப்பாவை நான் ஏன் டைம்கீப்பர்னே கூப்பிட்டேன்?

தம்பி

*

செப்டம்பர் 10

அன்புத் தம்பிக்கு, அக்கா. நான் சுகமாக இல்லை. நீயும் சுகமாக இல்லை என்பதை அறிவேன்.

திரையை மட்டும் அணைத்துத் துணியால் மூடி வைத்திருந்தேன். கீழே விளையாட்டுப் பெட்டியில் பச்சை விளக்கு எரிவதை நான் பார்க்கவில்லை. உன் கடிதம் கண்டதும் துணியை எடுத்துத் திரையைப் போட்டேன்.

படம் அப்படியே உள்ளது. வண்டியின் கதவு திறந்திருக்கிறது. படியில் ஒரு கால் வைத்தபடி அந்தப் பிள்ளை, முதுகைக் காட்டிக்கொண்டு. தூணருகே அவன் தந்தை. ஊதல் உதட்டில் இருக்கிறது. கன்னம் உப்பவில்லை. இன்னும் ஊதவில்லை. தூரத்தில் ஸ்வெட்டரோடு ஒருத்தி ஓடி வருகிறாள். என்னையும் நீ வரைந்திருக்கிறாய் என்பதை இன்றுதான் கவனித்தேன்.

கருவி அப்பாவின் நாற்காலியிலேயே இருக்கிறது. நான் தொடவில்லை. ஆணியிலிருக்கும் மேல்சட்டையையும் தொடவில்லை. அச்சகத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன், மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் வீட்டிலிருக்க வேண்டுமே.

இக்கடிதத்துக்கு வரைவு இல்லை. படியும் எடுக்கவில்லை. பிழையிருந்தால் இருக்கட்டும்.

தம்பி, பஸ் நிக்குதுடா. வா.

அக்கா